கால் நூல் தள்ளி

துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்துக் குயில்ட் போர்வை தைக்க வருகிற பெண்கள் எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், சார். ஓரத்தில் கால் இஞ்சு விட்டுத் தைக்கச் சொன்னால், ஸ்கேலில் இருக்கிற முழுக் கால் இஞ்சையும் விட்டுவிடுவார்கள். துணி மடங்குகிற இடத்தில் அதன் கனமே ஒரு மயிரிழையைத் தின்றுவிடும். அந்த மயிரிழையைக் கழித்துக்கொண்டு தைத்தால்தான், விரித்துப் போடும்போது அளவு நிற்கும்.

என் பெயர் ஆரோக்கியம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் யூனிட்டில் பதினோரு வருடமாகச் சூப்பர்வைசர். நான் ஸ்டேஷனுக்கு வந்தது, நீங்கள் எழுதிய ஒரு வரியைத் திருத்த. 'ஜூலியட், வயது 29, பார்வைக் குறைவு காரணமாகத் தரைப்பாலத்தில் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் பார்வைக் குறைவு கிடையாது. தவறான அளவை எழுத்தில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலியட் நல்ல தையல்காரி. ஒரு கட்டத்துக்கு முப்பத்தாறு துண்டு, வரிசைக்கு ஆறு. அவள் தைத்தால் மூலைக்கு மூலை ஊசி முனையில் சேரும். ஒருநாள் நான் தைத்த மாதிரிக் கட்டத்தைக் கையில் எடுத்து அளந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களது அரை நூல் கம்மியா இருக்கு" என்றாள். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்பது எங்கள் கணக்கு. பின்வரிசையில் ஹஃப்ஸா, "டீச்சருக்கே ஃபெயிலா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலியட்டுக்குக் கொஞ்சம் பணிவு தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

எங்கள் மிஷின்களில் ஊசிக்கு வலப்பக்கம் ஒரு காந்தக் கட்டை ஒட்டி நிற்கும். துணியின் ஓரம் அதில் உரசியபடி போனால் தையல் நேராக விழும். காலையில் ஒவ்வொரு மிஷினிலும் நான்தான் அதை வைப்பேன். பிறகு ஒன்றரை இஞ்சுப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைக்கச் சொல்வேன். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்சு வந்தால் மிஷின் சரி. மாலையிலும் அதே சோதனை.

மதியம் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடிக்கும். எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் வேதக்காரர்கள். மிஷினை நிறுத்தி, எழுந்து, கண்ணை மூடிச் செபம் சொல்வார்கள். ஹஃப்ஸா மாதிரி மற்றவர்கள் அதற்குள் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே போயிருப்பார்கள். செபத்தை முன்னால் நின்று சொல்வது நான். சொல்லிக்கொண்டே வரிசையில் நடப்பேன். ஜூலியட்டின் மிஷினில் கட்டையை விரலால் கால் நூல் தள்ளுவேன். ஒரு தையலில் இரண்டு ஓரமும் சேர்ந்து அரை நூல் போகும். ஒரு வரிசையின் ஐந்து தையலில் இரண்டரை நூல். மாலையில் எண்ணெய் விடும் சாக்கில் கட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, சோதனைப் பட்டை தைக்கச் சொல்வேன்.

காலையில் மிஷின் சரி. மாலையிலும் சரி. மத்தியானம் அவள் தைத்த கட்டம் மட்டும் தப்பு. நான் எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஒரு மாதத்தில் கேட்டாள்.

"அக்கா, எங்கம்மாவுக்கு நாப்பது வயசுல கண்ணு போச்சு. எனக்கும் அப்படித்தானா?"

"மத்தியானத்துக்கு மேல கண்ணு தளருது, ஜூலி. பாத்துக்கலாம்" என்றேன்.

தஞ்சாவூரில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். ஒரு குறையும் இல்லை என்றார். அவள் அங்கேயே அழுதாள். குறை இல்லை என்றால் வைத்தியமும் இல்லையே என்றாள். பஸ் செலவு என்னுடையது.

அதன்பிறகு மத்தியானத்துக்கு மேல் அவள் தன் கண்ணை நம்பவில்லை. வீட்டில் அரிவாள்மனையைத் தொடுவதில்லை. புருஷன் சிங்கராயர் லாரியில் வெளியூர் போனால் அடுப்பு மூட்டாமல் காத்திருப்பாள். நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டமாட்டாள். என் கையில் கொடுத்துவிடுவாள். வேலை விட்டுப் போகும்போது நான் பின்னால் நடந்து, "வலது, இடது, பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். சொன்ன இடத்தில் கால் வைப்பாள். நல்ல பெண்ணாகிவிட்டாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் சம்பா வயலெல்லாம் முழுகிக் கிடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. ஜூலியட் எழுந்து நின்றாள், கண்ணை மூடவில்லை.

"மூட பயமா இருக்குக்கா. தொறந்தா தெரியாமப் போயிருமோன்னு இருக்கு. சாமி கோவிக்காதுல்ல?"

கோபிக்காது என்றேன். ஆனால் அவள் கண் திறந்திருக்கும்போது கட்டையைத் தள்ள முடியாது. மூன்று மணிக்குக் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, அளந்து பாருங்க! அட, பாருங்கக்கா. ஒரு நூல் பிசகல."

ஹஃப்ஸா அளந்தாள். "ஏய், கண்ணு வந்துருச்சு ஒனக்கு. பார்ட்டி எப்போ?" என்றாள்.

ஜூலியட் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "நாளைக்கு மத்தியானம் ஹஃப்ஸா மிஷின்ல உக்காந்து தச்சுப் பாக்கட்டுமாக்கா? தப்பு எங்கிட்டயா மிஷின்லயான்னு தெரிஞ்சுரும்ல" என்றாள்.

தைத்துப் பார் என்றேன்.

மழைக்காக நாலு மணிக்கே விட்டுவிட்டார்கள். வடிகால் வாரி பொங்கித் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாலம் தெரியாது, இரண்டு ஓரத்திலும் நட்டிருக்கிற வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரியும். ஒரே குடை. பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

"இடது பக்கம் தள்ளி வை" என்றேன்.

நின்றாள். "இடப்பக்கம் கல்லு தெரியுதேக்கா. கல்லுக்கு அந்தாண்ட ஆழம்ல?"

"கல்லு இன்னும் ரெண்டடி தள்ளி இருக்கு. ஒனக்குக் கிட்டத் தெரியுது."

அவள் கல்லைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "சரியாயிருச்சுன்னு நெனச்சேனேக்கா" என்று சிரித்தாள். கல்லைத் தாண்டிக் கால் வைத்தாள்.

குடையை நீட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். காற்று பலமாக அடித்தது, குடை உடைந்திருக்கும்.

ஆகவே அந்த வரியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: அவளுக்குக் கல் நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் என் சொல்லைத்தான் கேட்டாள். இந்த வயதுவரை என்னை இவ்வளவு மதித்தவர்கள் வேறு யாரும் கிடையாது, சார். அவளுக்கு நான் கெடுதல் நினைத்திருப்பேன் என்று எப்படிச் சொல்வீர்கள்?