பிசாசுக்கு வராத எழுத்து

— டேய் ரதோவான், என் வாலை மிதிச்சுக் கிழிச்சிராத! வாடகை டிரெஸ்ஸு!

— ரதோவானாம்! மூஞ்சி நிறையப் பஞ்சுத் தாடி, கையில கோலு... பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொண்டுவர்ற புனித மிக்குலாஷ்னு சொல்லுடா ஹினெக்! பிசாசு வேஷம் போட்டுக்கிட்டு சொந்த வீட்டு வாசல்லயே நடுங்குறியே, நல்லாவா இருக்கு?

— எம்பொண்ணு இன்னிக்கு வாயத் திறக்கணும்டா. ஸ்வெட்டர் போட ஆரம்பிச்ச சமயம் அவ பாலர் பள்ளி விழாவுக்கு நான் போயிட்டு வந்ததுலேருந்து வெளியாள் முன்னாடி ஒரு வார்த்தை கிடையாது. இப்படியே இருந்தா பெரிய ஸ்கூல்ல சேக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் வாங்கம்பாங்க.

— அந்த எழுத்தாலயா?

— அதேதான். தலையில கொக்கி வச்ச 'ர்'. நாக்கு உதறும்போதே 'ஷ்'னு ஊதணும். வீட்ல என்னை மாதிரியே தப்பாத்தான் சொல்றா. என் கோளாறு அவளுக்கும் ஒட்டிக்கிச்சு, பாவம்.

— நம்ம பாஷையில மூணு, நாலுங்கிற வார்த்தையில அந்த எழுத்து இருக்குன்னு, நாலு பீருக்கு "ரெண்டு குடு, அப்புறம் ரெண்டு குடு"ன்னு கேக்கிற மகராசனாச்சே நீ!

— சிரிக்காதடா. பாட்டுச் சொன்னாத்தான் மிட்டாய்னு கறாரா இரு. நான் உறுமுறதோட சரி, பேசினா கண்டுபிடிச்சிருவா. மணியடி!

— அபோலேனா! யாரு வந்திருக்கா பாரு! எங்க, மிக்குலாஷுக்கு ஒரு பாட்டு சொல்லு. இல்லேன்னா இந்தப் பிசாசு உன்னைச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிரும்!

— உர்ர்ர்ர்!

— "பனிக்குள்ள வெள்ளி மணி... அடிச்சுது... அடிச்சுது..."

— ஆகா, பேசிட்டா! எத்தனை தடவைம்மா அடிச்சுது?

— அது... எனக்கு மிட்டாய் வேண்டாம்.

— சரி கண்ணு, போதும். இந்தா மிட்டாய்...

— இரு மிக்குலாஷ்! பாப்பா, பிசாசு ஒரு ரகசியம் சொல்லட்டா? எனக்கும் அந்த மூணாம் நம்பர் வராது. த்ஷி... த்ரி... பாத்தியா? இம்மாம்பெரிய கொம்பு இருந்தும் வரல! சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். சேந்து சொல்லுவமா?

— நான் சொன்னா நீ அழமாட்டியே?

— பிசாசு எங்கயாச்சும் அழுமா? சொல்லு தங்கம்!

— த்ர்ஷி!

— அட என் சாமி! ஹினெக், கேட்டியாடா? என்னா சுத்தம், என்னா சுத்தம்!

— அபோலேனா! செல்லமே, எப்பம்மா வந்துச்சு?

— எப்பவோ வந்துருச்சுப்பா. பாலர் பள்ளி விழாவுல, அந்த எழுத்து வர்ற டீச்சர் பேரை நீ சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்ல? நானும் சரியாச் சொல்லிட்டா நீ மட்டும் தனியா ஆயிருவியேன்னுதான் பேசாம இருந்தேன்.