சீட்டுல இல்லாத முழங்கை

இல்ல சார், எந்திரிக்காதீங்க. மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே படம் எடுத்தாச்சு, அது சரி. கையத் திருப்பி வைக்க முழங்கையப் பிடிச்சேன் பாருங்க, அப்ப ஏன் பல்லக் கடிச்சீங்க? ஒண்ணுமில்லயா? ஒண்ணுமில்லாததுக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சாக்கும். உக்காருங்க. உங்க சீட்ட அட்டெண்டர்கிட்ட குடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கேன். முழங்கைன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிக் குடுக்கட்டும். அவர் எழுதாம நான் எடுக்க முடியாது.

அவசரமா? ஏன், ஆபீஸ்ல நீங்க இல்லன்னா கூரை எறங்கிடுமா? பத்து நிமிஷம் சார். கையத் தரையில ஊனித்தான விழுந்தீங்க? அந்த அடி உள்ளங்கையோட நின்னுடும்னு நெனப்பா? நேரா மேல ஏறிப் போய் முழங்கைல இடிக்கும். டாக்டர் வீங்கின எடத்தத்தான் பாப்பார். மணிக்கட்டு நல்லா வீங்கிக்கிட்டு, நான்தான் நான்தான்னு முன்னால வந்து நிக்குது. முழங்கை பாவம், வாயில்லாப் பூச்சி.

இப்படித்தான் ரெண்டு வருஷம் முன்னால ஒரு அம்மா. ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க. வேன் படி ஈரமா இருந்திருக்கு, வழுக்கி விழுந்துட்டாங்க. வலது கை. சீட்டுல மணிக்கட்டு மட்டும். நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலிதான். படம் எடுத்தவன்கிட்ட, முழங்கையும் வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அவன் பெரிய நீதிமானாச்சே, சீட்டுல இல்லாத எலும்ப அன்னிக்கு ஏறெடுத்தும் பாக்கல. சீட்டுல மணிக்கட்டுன்னுதான் இருக்கு, பேசாம இருன்னுட்டான். ஆமா சார், இருன்னுதான் சொன்னான். மரியாதையெல்லாம் அவனுக்கு ஆள் பாத்துதான் வரும்.

அப்புறம் என்ன, ஜாம்ஜாம்னு மாவுக்கட்டு. கழுத்துல ஒரு பட்டைய மாட்டிக் கையத் தொங்க விட்டாச்சு. ஆறு வாரம் அசைக்கவே கூடாதுன்னார் மணிக்கட்டு டாக்டர். அந்த அம்மா அசைக்கவே இல்ல, தூக்கத்துல கூட. சொன்ன பேச்சக் கேக்கற ஜென்மம். கட்டு பிரிச்சா, மணிக்கட்டு ஜோரா கூடியிருக்கு. டாக்டருக்கு ஒரே பெருமை, படத்த வெளிச்சத்துல பிடிச்சு நர்ஸுக்கெல்லாம் காட்டறார். எங்க, கைய நீட்டுங்கன்னார். நீட்ட வரல. உள்ளங்கைய மேல திருப்புங்கன்னார். திரும்பல. அப்பத்தான் அந்தக் கைல முழங்கைன்னு ஒண்ணு இருக்கறதே அய்யாவுக்கு ஞாபகம் வந்துது. படம் எடுத்துப் பாத்தா, உள்ள எலும்பு உடைஞ்சு, கோணலா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

முழங்கைக்கு வேற டாக்டர். அவர் எடுத்த எடுப்புலயே சத்தம். ஏம்மா இத்தன நாள் ஆட்டாம வச்சிருந்தீங்க, முழங்கைய முடிஞ்சவரைக்கும் சீக்கிரமே மடக்கி நீட்டிப் பழக்கணும்னு. இவர் அசைக்காதேன்னார், அவர் ஏன் அசைக்கலன்னார். கை ஒண்ணுதான் சார், மாமியார் ரெண்டு. ரெண்டு எடமும் உடைஞ்சிருக்குன்னு முதல் நாளே தெரிஞ்சிருந்தா, மணிக்கட்டுல தகடு வச்சு இறுக்கிட்டு முழங்கைய ஆட விட்டிருப்பாங்களாம். நல்ல யோசனை. ஒண்ணரை மாசம் கழிச்சு வந்துது.

ஆபரேஷன் பண்ணாங்க, உடைஞ்ச துண்ட எடுத்தாங்க, எட்டு மாசம் கைக்குப் பயிற்சி. பயிற்சி குடுக்கற பொண்ணு வாராவாரம் அளந்து பாத்துட்டு, சூப்பர்மா, ரெண்டு டிகிரி கூடியிருக்குன்னு கை தட்டும். ரெண்டு டிகிரிய வச்சுக்கிட்டு ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்பறது?

இப்பவா? அதே வேன்லதான் போறாங்க. ஓட்டறது வேற ஆள். இவங்க பின் சீட்ல உக்காந்து, புள்ளைங்க ஏறி எறங்க இடது கையால கதவு திறந்து விடறாங்க. டிரைவரம்மான்னு கத்தின புள்ளைங்க இப்ப ஆயாம்மான்னு கூப்பிடுது. குழாயடில ரெண்டு கையயும் சேத்துத் தண்ணி பிடிச்சு மூஞ்சி கழுவ முடியாது சார். அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

கேஸா? யார் மேல போடறது? எழுதினவர் பாத்தத எழுதினார், எடுத்தவன் எழுதினத எடுத்தான். ஒருத்தர் மேலயும் தப்பில்ல பாருங்க, அந்த அம்மா கைதான் தப்பு.

இதோ, சீட்டு வந்துடுச்சு. எழுதிட்டார். வாங்க, கைய மேசைல வைங்க. முடிஞ்ச வரைக்கும் நீட்டினா போதும், பல்லக் கடிக்காதீங்க.

என்ன? அவங்களுக்காக எடுத்துப் பேச யாரும் கூட வரலயா? புருஷன் இல்லயான்னா கேக்கறீங்க? இல்லாம என்ன. கூடவேதான் இருந்தான். அந்தத் தடுப்புக்குப் பின்னால நின்னு பொத்தான அமுக்கினதே அவன்தான்.

ஆமா சார். நான்தான். அன்னிக்கு வெளிய பத்துப் பேர் வரிசைல நிக்கறாங்க. சொந்தப் பொண்டாட்டிக்குன்னா சீட்டுல இல்லாததுக்கும் அலையறான்னு ஒரு பய சொல்லிடக் கூடாதுன்னு எனக்கு. வேற யார் வலிக்குதுன்னு சொல்லியிருந்தாலும், இப்ப உங்களுக்குப் பண்ண மாதிரி டாக்டருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். கேட்டது அவ, அதனால அனுப்பல.

ஆட்டாதீங்க. எடுக்கறேன்.