கோணல் பட்டன்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் டீ குடித்தால், அந்தக் காகிதக் கப்பைக் கும்மிடிப்பூண்டி வரை கையிலேயே வைத்திருந்து, குப்பைத் தொட்டியைக் கண்ட பிறகுதான் போடுவேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். "துளசிராமன் சாரு செத்தா, சுடுகாட்டப் பெருக்கிட்டுத்தான் படுப்பாரு" என்பான் பாக்கியராஜ். நானும் சிரிப்பேன். குப்பை எனக்கு ஆகாது, அவ்வளவுதான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரிந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா.

எங்களுடையது பசை தயாரிக்கும் கம்பெனி. மேல்தளத்தில் பெரிய மிக்சர் தொட்டி. உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு அலகுகள் சுற்றும். கீழ் அறையில் கம்ப்யூட்டர். திரையில் இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்கினால் மிக்சர் ஓடும். பட்டனை அமுக்குவது பாக்கியராஜ் வேலை. அதற்கான புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொட்டிக்குள் இறங்கி, சுவரில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுப்பது அரசப்பன் வேலை. சுத்தமாகச் செய்வான். அதனால் அவனை எனக்குப் பிடிக்கும்.

அவன் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் பழைய முறை. அணைத்தால் சூடும் நின்று, குழாயில் பசை இறுகிப்போகும். முதலாளி அதற்காகவே புலம்பிக்கொண்டிருந்தார். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த யாசர், பழவேற்காட்டுப் பையன், ஒரு வழி சொன்னான். தொட்டி மூடி திறந்திருந்தால் திரையில் பட்டன் சாம்பல் நிறமாகிவிடும், அமுக்கினாலும் ஓடாது. புரோகிராமில் நாலு வரி போதும். முதலாளிக்கு ஏகக் குஷி. எல்லார் முன்னாலும் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு என்னிடம், "இத்தினி வருசமா ஒனக்கு இது தோணலியேப்பா" என்றார். அன்றிலிருந்து மெயின் சுவிட்சை யாரும் தொடவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். யோசனை நல்ல யோசனைதான். அதை அவன் எழுதிய இடம்தான் சரியில்லை.

எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. திரையில் ஒரு பட்டனை இழுத்துப் போட்டால், அதன் அளவு, நிறம், இடம் எல்லாவற்றுக்கும் அதுவே வரிகளை எழுதிக்கொள்ளும். ஒரு பட்டனுக்கு ஒரு பக்கக் குப்பை. 'தானாக எழுதப்பட்டது, கை வைக்காதீர்' என்று மேலே எச்சரிக்கையும் போட்டுக்கொள்ளும். நாங்கள் அதைச் சுருக்கி, ஒரு கூட்டல் குறிக்குப் பின்னால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்போம். பீரோவுக்கு அடியில் பெருக்கித் தள்ளுவது மாதிரி. அது அங்கே கிடக்கிறது என்பதே எனக்கு உறுத்தும்.

யாசர் அந்தக் குப்பைக்கு நடுவில் போய்த் தன் நாலு வரியை எழுதி வைத்திருந்தான். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. திரையில் எதையாவது ஒரு நூல் நகர்த்தினாலும், மென்பொருள் அந்தப் பகுதியை அழித்துவிட்டுத் தன் வரிகளை மறுபடி எழுதும். கையால் எழுதியது தங்காது. இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். பட்டால்தான் புத்தி வரும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் கம்ப்யூட்டரில் அந்தத் திரையைத் திறந்து பார்த்தேன். யாசர் வைத்த பச்சைப் பட்டன், பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பட்டனைவிடச் சற்றுக் கீழே இறங்கி, கோணலாக இருந்தது. மேலே நகர்த்தினேன். சேமித்தேன். கூட்டல் குறியைத் திறந்தேன். அவனுடைய வரிகள் இல்லை. நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை, மென்பொருள் அழித்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். பிறகு புது புரோகிராமைக் கீழ் அறைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மூடி திறந்திருக்கும்போதும் பட்டன் பச்சையாகவே எரிவதை யாராவது பார்ப்பார்கள், முதலாளி யாசரைக் கூப்பிடுவார், அவன் பாடம் கற்றுக்கொள்வான். இதுதான் என் கணக்கு.

நான் அந்த அறையில் இருந்தபோதே, மேலே மூடியைத் திறந்து வைத்துவிட்டு அரசப்பன் வாசலில் வந்து நின்றான். இறங்குவதற்கு முன் அவன் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பாக்கியராஜ் டீ குடிக்கப் போயிருந்ததால் அன்று என்னிடம் கேட்டான்.

"சார், பட்டன் செத்துக்கீதா? எறங்கவா?"

மேலே போனான். தொட்டிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் சுரண்டியின் சத்தமும் கேட்டது. பாக்கியராஜ் திரும்பி வந்து திரையைப் பார்த்தான். பச்சை. பச்சையாக இருந்தால் மூடி மூடியிருக்கிறது என்றுதான் யாசர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"இன்னா சார், அதுக்குள்ள முட்சிட்டானா?" என்று என்னைப் பார்த்தான்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அமுக்கினான்.

அரசப்பன் பெண்டாட்டி கெங்கம்மாள் மூன்று நாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். புருஷன் முகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டுகிற மாதிரி இல்லை. அவளுக்காக எனக்கு வருத்தம் உண்டு.

யாசரை நீங்கள் விசாரித்தபோது, "நான்தான் எழுத மறந்துட்டேன் போல சார்" என்று அழுதானாம். மூடியை எத்தனையோ தடவை திறந்து மூடி, வேலை செய்கிறதா என்று பார்த்தவன் அவன். இப்போது அவனே அதை நம்பவில்லை. அது தப்பு. அவன் எழுதியிருந்தான். ஒரு தப்பான வரி உங்கள் ஃபைலில் கிடக்கிறது என்றால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதை எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அரசப்பன் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை, ஐயா. வாயைத் திறக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். செத்திருக்கிறது, இறங்கு என்று அவன் எடுத்துக்கொண்டான். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று கேட்பான். அப்புறம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்தப் பட்டன் ஒரு நூல்கூடப் பிசகாமல் நேராக இருக்கிறது.