கன்னியர் மடத்துக்குள் ஒரு பிரசவம்

இந்த மனு என் கையிலதான் இருக்கு. சிஸ்டர்கள் இங்க கட்டப்போற பிரசவ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாசல் வேணுமாம்... மேலத்தெருவுக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு! பங்குச்சாமியாரான நான் பதில் சொல்லணுமாம். சொல்றேன். ஆனா முதல்ல ஒரு சின்னக் கதை கேளுங்க.

ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊரு. நம்ம ஊர் மாதிரியே... கோயில் உண்டு, கொடிமரம் உண்டு, வீம்பும் உண்டு. அங்க நாலு கன்னியர்கள் வந்து, ஓட்டுக் கட்டடத்துல ஆறு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. தலைவி பேரு மதர் அனஸ்தாசியா. ஆள் குள்ளம். குரல் மட்டும் கோயில் மணி.

ஒரு மத்தியானம் காலனியிலேருந்து மூக்காயின்னு ஒரு பொண்ணைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. பிரசவ வலி. பிள்ளைக்குக் கால் முன்னாடி வருது. வார்டு வாசலை மறிச்சு நிக்கிறாரு, ஆஸ்பத்திரிக்கு இடம் குடுத்த பெரியவர் ஞானாதிக்கம்.

"மதர், உள்ள எங்க பொம்பளைங்க படுத்திருக்காங்க. இவளை அங்க விடாதீங்க."

"பின்ன எங்க ஐயா பிரசவம் பாக்குறது? ரோட்டுலயா?"

"பின்னாடி மாட்டுக்கொட்டகை இருக்குல்ல?"

கேட்டீங்களா... மாட்டுக்கொட்டகை! வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுற மனுஷன் சொல்றாரு!

"வார்டுக்குள்ள விட்டீங்கன்னா, எங்க சனத்தை இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

மதர் தலையை ஆட்டினாங்க. "சரிங்க ஐயா. வார்டுல விடல."

பெரியவருக்குச் சந்தோஷம். மீசையைத் தடவிக்கிட்டாரு. ஆனா மதர் என்ன பண்ணாங்க?

ஆஸ்பத்திரியை ஒட்டி அவங்க மடம். அதுக்கு ஒரு உள்கதவு. அதுல ஒரு பலகை... 'வெளியார் உள்ளே வரக்கூடாது.' கன்னியர்களைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. பெத்த தாய் வந்தாலும் முன்னறையோட சரி. அது அவங்க சபைச் சட்டம். மதர் சாவியை எடுத்தாங்க... அந்தக் கதவைத் திறந்தாங்க... மூக்காயியைத் தன் சொந்தக் கட்டில்ல கிடத்தச் சொன்னாங்க!

பெரியவர் பதறிப் போயிட்டாரு. "சட்டத்தை மீறுறீங்க! மேலிடத்துக்கு எழுதுவேன்!"

"எழுதுங்க. என்னை மாத்துவாங்க. மாத்துறதுக்குள்ள பிள்ளை பிறந்துடும்."

"மதர்! பலகையில என்ன போட்டிருக்கு? வெளியார் வரக்கூடாதுன்னுதானே?"

"ஆமா ஐயா. அதனால நீங்க அங்கயே நில்லுங்க."

கதவைச் சாத்திட்டாங்க!

பெரியவர் வார்டுக்குத் திரும்பி, "எல்லாரும் கிளம்புங்க"ன்னு கத்துறாரு. ஒருத்திகூட அசையல. அவர் சொந்தத் தங்கச்சி போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, "நீங்க போங்கண்ணே. எனக்கு இன்னும் காய்ச்சல் விடல"ங்குறா! அந்த நேரம் பாத்து... உள்ளேருந்து பிள்ளை அழற சத்தம்.

ரெண்டு மாசத்துல மதரை மாத்தத்தான் மாத்தினாங்க. போறதுக்கு முன்னாடி தன் கட்டிலைத் தானே இழுத்துட்டு வந்து, வார்டுல ஏழாவது கட்டிலாப் போட்டுட்டுப் போனாங்க.

இப்பச் சொல்லுங்க... அன்னிக்கு வெளிய நின்னது யாரு? மூக்காயியா? இல்ல! அவளைத் தள்ளி வைக்க வந்தவருதான் வெளிய நின்னாரு. மனுவுல கையெழுத்துப் போட்டவங்களே, உங்களுக்கும் அதான். அடுத்தவனைத் தள்ளுறதுக்கு வாசல் கேட்டா, வெளிய நிக்கப்போறது நீங்கதான்.

எனக்கும் மாறுதல் வாங்கித் தரப்போறதாப் பேசிக்கிறீங்களாம். தாராளமா வாங்குங்க! திங்கக்கிழமை காலையில கொத்தனார் வர்றாரு. வாசல் ஒண்ணுதான்.