கேடயம் வென்ற தட்டும் படிக்கட்டடி மேசையும்

அவைக்குத் தலைமை தாங்கி, கையில் ஓர் ஆணையை ஏந்தி, அந்த ஆணையாலேயே தமக்கு விசிறிக்கொண்டிருக்கும் முதல்வர் அவர்களே! முன்வரிசையில், துறைக்கும் துறைக்கும் நடுவே ஒரு நாற்காலி இடைவெளி விட்டு வீற்றிருக்கும் துறைத்தலைவர்களே! பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு, அவர்கள் படிக்கத்தான் செய்கிறார்களா என்று பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே, பொறுமைக்குப் பெயர்போன தாய்மார்களே! எழுந்து ஓட வசதியாக வாசலோரம் அமர்ந்திருக்கும் மாணவ மணிகளே! என் குரல் உயரும்போதெல்லாம் ஒலிபெருக்கியைத் தாழ்த்திவரும் மின்பணியாளரே! அழைப்பிதழ் இல்லாமலே வந்து, அறிவியல் என்றும் கலை என்றும் பேதம் பாராமல், அத்தனை பேரையும் சமமாக நடத்திக்கொண்டிருக்கும் கொசுக்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இதே கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மனிதர்களுக்கான பிரிவுபசார விழாக்களில் பலமுறை பேசியிருக்கிறேன். ஒரு துறைக்கே பிரிவுபசாரம் என்பதை இன்றுதான் காண்கிறேன். மனிதச் சூழலியல் துறை இன்றோடு மூடப்படுகிறது. நான் பேசி முடித்ததும் முதல்வர் ஆணையைப் படித்துக் கையெழுத்திடுவார். ஆக, நான் நிறுத்தும்வரை அந்தத் துறைக்கு உயிர் உண்டு. இனி யாரும் என்னிடம் கடிகாரத்தைக் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தத் துறை செய்த குற்றம் என்ன? கொள்ளையா, கொலையா, குழப்பமா? இல்லை. அது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அவ்வளவுதான்!

துறை என்றால் ஒரே ஓர் ஆசிரியை. அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உட்கார நாற்காலி ஒதுக்கவில்லை. எந்தத் துறையின் வரிசையில் போடுவது என்று தெரியவில்லையாம். அவர் பணியில் சேர்ந்த அன்று, அறை ஒதுக்கும் அலுவலர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"அறிவியலா, கலையாம்மா?"

"ரெண்டும்தான் சார். மனுஷங்க எப்படி வாழறாங்க, அவங்க வாழற இடம் அவங்கள என்ன பண்ணுது, இவங்க அத என்ன பண்றாங்க, இதத்தான் படிக்கிறோம்."

"அதெல்லாம் சரிம்மா. டிக் ஒண்ணுதான் அடிக்க முடியும்."

அம்மையார் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் டிக் அடித்தார். அலுவலர் நேர்மையானவர். கோட்டுக்கு என்ன இடமோ அதையே கொடுத்தார். அறிவியல் கட்டடத்துக்கும் கலைக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறதே, அதன் அடியில் ஒரு மேசை! விளக்கு கிடையாது. அன்றிலிருந்து அவருக்குப் 'படிக்கட்டு டீச்சர்' என்றே பெயர்.

பின்வரிசையில் யாரோ "அங்கதான் சைக்கிள் விடுவோம்" என்கிறீர்கள். தெரியும் ஐயா. துறை வந்த பிறகும் விடுகிறீர்கள்.

போன ஆண்டு காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? விடுதியில் பத்தொன்பது பிள்ளைகள் படுத்தார்கள். அதில் ஒரு பெண் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. அவளுடைய தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அந்த நேரத்தில் நம் கல்லூரி கைகட்டி நின்றதா? இல்லவே இல்லை! துறைக்கொரு குழு, குழுவுக்கொரு கூட்டம், கூட்டத்துக்கொரு குறிப்பு!

வேதியியல் துறை புகை அடித்தது. கொசுக்கள் நலம், வேதியியல் துறைக்கு மட்டும் இன்றுவரை இருமல். புள்ளியியல் துறை சட்டைக் கையை மடித்து, கையை நீட்டிக் கடிகளை எண்ணியது. வரைபடம் மிக அழகாக மேலே ஏறியது. சமூகவியல் துறை ஒரு வினாத்தாள் கொடுத்தது: 'கொசுக்களைப் பற்றி உங்கள் மனநிலை: மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை.' நான் 'கருத்தில்லை' என்று எழுதினேன். எழுதும்போதே ஒன்று கடித்தது. கட்டடப் பொறியியல் துறை வெளியே இருந்த சாக்கடைக்கு மூடி போட்டது. விலங்கியல் துறையோ அறுபது பக்கம் எழுதியது. இந்தக் கொசு பகலில் கடிக்கும், சாக்கடையை மதிக்காது, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றெல்லாம் துல்லியமாகச் சொன்னது. கடைசி வரி: 'உற்பத்தியிடம் கண்டறியப்படவில்லை.'

அப்போது படிக்கட்டு டீச்சர் என்ன செய்தார்? அறிக்கை எழுதினாரா? கருத்தரங்கம் கூட்டினாரா? துப்புரவு செய்யும் அக்காவோடு மூன்று நாள் தளம் தளமாக நடந்தார். அக்கா சொன்னது இது:

"வெளிய எங்க டீச்சர் கொசு? எல்லாம் உள்ளதான். அந்தப் பூந்தொட்டிக்கு அடியில தட்டு இருக்கில்ல, அதக் கொட்டித் துடைக்கப் போனா கைய உடைப்பேன்னு வர்றாங்க."

"யாருக்கா வர்றாங்க?"

"எல்லாப் பெரிய சாரும்தான்! தட்டு காஞ்சா மார்க்கு போயிடுமாமே?"

அவையோரே! நம் கல்லூரியில் ஆண்டுதோறும் 'பசுமைத் துறை' என்று ஒரு கேடயம் தருகிறோம். துறைக்கு ஆறு தொட்டி. நடுவர் எப்போது வருவார் என்று தெரியாது. விதி ஏழு: தொட்டியின் தட்டில் ஈரம் இல்லையென்றால் ஐந்து மதிப்பெண் குறையும். விதியை வகுத்த பெருமகனார் யாரென்று நான் சொல்ல மாட்டேன். அவர் இப்போது இடது காலைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

விதிக்குப் பயந்து தட்டு நிறைய நீர், நீர் நிறையப் புழு, புழு நிறையச் சிறகு! மூன்று ஆண்டு தொடர்ந்து கேடயம் வென்ற துறை எது? விலங்கியல்! டீச்சர் அங்கே போய்ப் பணிவாகக் கேட்டார்.

"சார், இந்தத் தட்ட ஒரு தடவ சாய்ச்சுப் பாக்கலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா! கேடயம் வாங்கின தட்டு அது."

"உள்ள ஏதோ நெளியுது சார். என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். முகம் மலர்ந்தது. "அடடே! இதத்தானம்மா ஆறு மாசமா தேடறோம்! என்ன அருமையான மாதிரி!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள் என்பார்கள். இங்கே காலடியில் கொசுவை வளர்த்துக்கொண்டு காடெல்லாம் தேடினோம்.

எண்ணிப் பாருங்கள்! புழு விலங்கியலுக்குச் சொந்தம். செடி தாவரவியலுக்குச் சொந்தம். காய்ச்சல் மருத்துவத்துக்கு, கேடய ஆசை உளவியலுக்கு, விதி ஏழு நிர்வாகவியலுக்கு. என் துறையை மட்டும் தப்பவிட்டதாகச் சொல்வீர்களே என்று நானும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன்: அந்த விதியில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகள் மொழித்துறைக்குச் சொந்தம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளைக் கோத்த நூல் யாருடையது? கேடயத்திலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து கொசுவுக்கும், கொசுவிலிருந்து பதினோரு நாள் கண் திறக்காத அந்தப் பெண்ணுக்கும் கால் வலிக்க நடந்தது யார்? அந்த நடைக்குத்தான் மனிதச் சூழலியல் என்று பெயர்!

கைதட்டுங்கள், தவறில்லை, ஒன்றிரண்டு கொசு சாகவும் வாய்ப்புண்டு.

அந்த மாதம் அக்காவும் டீச்சரும் யாருக்கும் தெரியாமல் தட்டுகளைக் கவிழ்த்தார்கள். காய்ச்சல் நின்றது. புகையால்தான் நின்றது என்று வேதியியலும், மூடியால்தான் என்று பொறியியலும் ஆளுக்கொரு பாராட்டிதழ் வாங்கிக்கொண்டன. டீச்சர் விதி ஏழை நீக்கச் சொல்லி எழுதினார். மேலே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள்: 'எந்தத் துறையையும் சாராதது.' புதிய பருவம் தொடங்கியது. கேடயமும் வந்தது, தட்டும் நிறைந்தது. போன வாரம் விடுதியில் இருவருக்குக் காய்ச்சல். இந்த வாரம் துறையை மூட ஆணை.

முதல்வர் அவர்களே, நீங்கள் நல்லவர். எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேடை அழகுக்காகத் தங்கள் நாற்காலிக்கு அருகில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் தட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தாங்களே! வேறு யாரும் வேண்டாம்.

குனிகிறார்... சாய்த்துவிட்டார். விலங்கியல் தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்று பார்க்கிறார். வேண்டாம் ஐயா, இறங்குங்கள், அதே மாதிரிதான்!

முதல்வர் ஆணையைப் பார்க்கிறார். தட்டைப் பார்க்கிறார். என்ன ஐயா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"இந்த விதி ஏழ எடுத்துடலாம். இதையும்..." ஆணையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்! "டீச்சர், உங்களுக்கு எந்தக் கட்டடத்துல அறை வேணும்?"

டீச்சர் தூணருகிலிருந்து சொல்வது பின்னால் கேட்டதா? நான் திருப்பிச் சொல்கிறேன். "எங்கயும் வேணாம் சார். எந்தத் துறைக்குப் போனாலும் அந்தப் படிலதான் ஏறி இறங்கணும். மேச அங்கயே இருக்கட்டும். ஒரு விளக்கு மட்டும் போட்டுக் குடுங்க."

பிரிவுபசாரத்துக்கு வந்தேன், பிரிவு இல்லை. ஆகவே எனக்கு இங்கே வேலையும் இல்லை. பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், தட்டைச் சாய்த்த முதல்வருக்கும், தளம் தளமாக நடந்த அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மின்பணியாளரே, இனி என் குரலைத் தாழ்த்தும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் படிக்கட்டடிக்குப் போய் அந்த விளக்கைப் போடுங்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனதும் தத்தம் தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டு உட்காருங்கள். வணக்கம்!