கூடத்து விளக்குக்குப் பொய் பொறுக்காது

கண் கூசும் வெளிச்சத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆரம்பம் அவ்வளவுதான், அத்தான். நீங்கள் நாற்காலியை விட்டு இறங்கி, அந்த ஸ்க்ரூ டிரைவரையும் கீழே வைத்தால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடத்து விளக்கை வேண்டும்போது மங்க வைக்க ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கினேன். மின்சாரத்தோடு விளையாடக் கூடாது என்பதில் நான் கறார். வீட்டு மின்சாரம் ஒரு பக்கம், போர்டு மறுபக்கம். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல், ஒளியாலேயே சேதி கடத்தும் சில்லு நடுவில். ஃப்யூஸ் உண்டு. மங்க வைக்கத் தகுந்த பல்புதான் போட்டேன். எல்லாம் தீப்பிடிக்காத பெட்டிக்குள் பத்திரம். கம்பியில்லாத ரிமோட் பொத்தான் மட்டும் என் சட்டைப்பையில்.

முதல் நாளே சித்தி வந்து தன் வயதைச் சொன்னாள். என் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. விளக்கு மங்கியது.

"பாத்தியாடி, உன் பொய் லைட்டுக்கே பொறுக்கல" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் அப்பா வாக்கிங் போய் வந்ததாகச் சொன்னார். மங்கியது. பேக்கரிக்குப் போனதை அவரே கக்கிவிட்டார். பிறகென்ன, வீட்டில் விளக்கு வைத்ததுதான் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் தன் மருமகனைக் கூட்டி வந்து, அதன் கீழே உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். அந்த நாட்களில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் அக்காவைப் பெண் கேட்டு ஒரு பல் டாக்டர் வந்தார். அக்காவுக்கும் அவர்மேல் உயிர். "கண் கலங்காம பாத்துக்குவேன்" என்றார். மனுஷர் உண்மையைத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வேலை வேறு ஊரில். என்னைக் காலையில் எழுப்புவது அக்கா, என் சட்டைகளுக்கு அயர்ன் போடுவது அக்கா. வீடு என்னாவது என்று ஒருவராவது யோசிக்க வேண்டாமா? விளக்கு மங்கியது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

சில நாள் கழித்து அக்கா தனியாக விளக்கின் கீழே வந்து நின்றாள். நான் பக்கத்து அறையில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"எனக்கும் ஒரு நல்லது நடக்கும்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

பொத்தானை அழுத்தினேன். நிதானமாகத்தான் மங்க வைத்தேன். சட்டென்று குறைத்தால் பல்புக்கு நல்லதல்ல.

அதன் பிறகு அவள் யாரைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. சட்டைகளுக்கு மட்டும் முன்னைவிட நன்றாக மடிப்பு விழுந்தது.

அம்மா அழுது கேட்டதால்தான் இன்று உங்களைச் சந்திக்க அக்கா சம்மதித்தாள். நீங்களும் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். விளக்கு மங்கியதும் எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. நீங்களோ, "வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு" என்று டெஸ்டரோடு நாற்காலி மேல் ஏறிவிட்டீர்கள். மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன் என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் செய்தது போகட்டும், இதை மறைத்தது அவர்கள் தப்பு.

அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழுகிறாள் போலிருக்கிறது. நீங்கள் தொழில் தெரிந்தவர், அத்தான், அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை நாளில் இந்த வீட்டில் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை.