லிபேஸ் மட்டும் ஏறவில்லை

இந்த நாற்காலிக்கு முதுகு இருப்பது மிகுந்த ஆறுதல் அளிக்கிறது, ஐயா. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு வாய்த்தது முக்காலிதான். சாய்ந்து அமர்ந்து பதில் சொல்வது எனக்கு இதுவே முதன்முறை.

உங்கள் விசாரணைத் தாளில் எனக்கு நேரே ‘சம்பந்தப்பட்டவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாகரிகமான சொல். இறந்தவள் என் கூடப்பிறந்த தங்கை. அதைவிட நெருங்கிய சம்பந்தம் எனக்கு உலகில் இல்லை.

முதலில் பாடத்தை விளக்கிவிடுகிறேன். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் உறுப்பு. உணவைச் செரிக்கவைக்கும் நீரைச் சுரப்பது அதன் தொழில். அது புண்பட்டால் அமிலேஸ், லிபேஸ் என்னும் இரு நொதிகள் இரத்தத்தில் உயரும். அவ்விரண்டையும் அளந்து அறிக்கை தருவது என் தொழில்.

என் தங்கை ஓர் அடுமனையில் ரொட்டியும் கேக்கும் செய்பவள். உண்டபின் வயிறு உப்புகிறது என்பது அவளுடைய நெடுநாள் புகார். அடுமனை முதலாளி இதற்கு மருத்துவரின் உதவியின்றியே காரணம் கண்டுபிடித்திருந்தார்.

“ருசி பாக்கறேன்னு பாதி கேக்கை உள்ள தள்ளினா வயிறு உப்பாம பின்ன பாட்டா பாடும்?”

“நீங்க செய்யிற கேக்கா இருந்தா ருசி பாக்கவே பயமா இருக்கும் முதலாளி” என்பாள் அவள். கடையே சிரிக்கும். அவள் இருக்கும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் அந்த ‘எல்லோரும்’ என்பது நான் ஒருத்திதான்.

சென்ற ஆண்டு ஒரு பயணிகள் கப்பலின் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டாண்டு ஒப்பந்தம். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டே வருஷம்க்கா. திரும்பி வந்து சொந்தமா கடை போடுவோம். நான் அடுப்புல நிக்கிறேன், நீ கல்லாவுல உக்காந்து எல்லாரையும் அதட்டு.”

நான் மனமார வாழ்த்தினேன். வாழ்த்திக்கொண்டிருக்கையில் குழாய் சொட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அக்குழாயை இறுக்குபவள் அவள். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியில் உட்காருபவளும் அவள். இரண்டாண்டுகள் ஒரு குழாய் சொட்டினால் எத்தனை குடம் நீர் வீணாகும் என்பதை யாரும் சிந்திப்பதில்லை.

கப்பல் நிறுவனம் உடல்தகுதிச் சான்று கேட்டது. வயிறு உப்புகிறது என்று அவளே சொன்னதால் வயிற்று மருத்துவர் இந்த இரு நொதிகளையும் பார்க்கச் சொன்னார். அவளுடைய இரத்தம் அடைத்த சோதனைக் குழாய் என் மேசைக்கு வந்தது.

எச்சிலிலும் அமிலேஸ் உண்டு, ஐயா. இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். குழாய் திறந்திருக்கும்போது பேசாதே, தும்மாதே என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நானே பாடம் நடத்துவேன். விதியை நன்கு அறிந்தவருக்குத்தான் அதை ஒழுங்காக மீறத் தெரியும். பல் குத்தும் குச்சியின் நுனியை நாவில் தொட்டுக் குழாயில் ஒரு முறை முக்கினேன். அமிலேஸ் ஐந்து மடங்கு உயர்ந்தது. லிபேஸ் அசையவில்லை. எச்சிலில் அது போதிய அளவு இல்லை. அது இயற்கையின் குறைபாடு, என்னுடையதன்று.

மருத்துவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா இது, ஒண்ணு மாடியில நிக்குது, இன்னொண்ணு தரையிலயே உக்காந்திருக்கு? வேற லேப்ல ஒரு தடவ பாத்துடலாமா?”

பதினான்கு ஆண்டு படித்தவர். சரியான கேள்வியைக் கேட்டார். அதைத் தடுத்தவள் நானல்லேன், என் தங்கை.

“வேணாம் டாக்டர். எங்கக்கா ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. இத்தன வருஷத்துல அவ ஒரு ரிப்போர்ட்கூட தப்பா குடுத்ததில்ல.”

நான் தலை குனிந்தேன். மருத்துவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றுமுதல் எண்ணெயும் வெண்ணெயும் வீட்டைவிட்டு வெளியேறின. அவித்த காய்களை நானே பிசைந்து கொடுத்தேன். வெண்ணெய் வாடையே பட்டுவிடக் கூடாது என்று அடுமனையிலும் விடுப்பு சொன்னேன். இரண்டாம் மாதத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தாமாகவே வந்து சேர்ந்தன. அறிக்கையைக் கேட்டறிந்த வயிறு, தன் கடமையை உணர்ந்துகொண்டது போலும். அவள் எட்டுக் கிலோ இளைத்தாள். “ஒங்கக்கா மாதிரி யாருக்குடி கிடைக்கும்?” என்று பக்கத்து வீட்டுக்காரி வியந்தாள். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனம் பெருந்தன்மையானது. அறிக்கை சரியானால் எந்த மாதத்தின் பத்தாம் தேதிக் கப்பலிலும் ஏறலாம் என்று இடத்தைக் காத்துவைத்தது. எனவே மீண்டும் மீண்டும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

“பத்தாம் தேதி கப்பல்க்கா. இன்னிக்கி வயிறு பரவால்ல. இந்தத் தடவ நல்லா வரும் பாரேன்” என்று கையை நீட்டிக் கண்களை மூடிக்கொள்வாள். நான் வலிக்காமல் எடுப்பேன். பிறகு குச்சியை எடுப்பேன். மொத்தம் நான்கு முறை.

நான்காம் அறிக்கைக்குப் பின் மருத்துவர் பொறுமை இழந்தார். வாய்வழியாகக் குழாய் செலுத்தி, கணைய நாளத்தில் மருந்து பாய்ச்சிப் படம் எடுப்பதென முடிவாயிற்று. ஒப்புதல் படிவத்தை மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் நீட்டினாள்.

“என்னக்கா எழுதியிருக்கு? பொடி எழுத்தா இருக்கு.”

நான் ஒரு சொல் விடாமல் படித்தேன். நூற்றில் சிலருக்கு இச்செயலாலேயே கணையம் வீங்கலாம், அரிதாக உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவள் எழுந்து வீட்டுக்கு நடந்திருப்பாள். வீட்டிலிருந்து நேரே கப்பலுக்கு.

“எப்பவும் எழுதுறதுதான். கையெழுத்து போடு” என்றேன். சாட்சிக்கு நானும் ஒப்பமிட்டேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

என் கணக்கில் ஒரே ஒரு பிழை. கருவி உடலுக்குள் செல்லும் முன் மருத்துவமனைச் செவிலியர் தாமே இரத்தம் எடுப்பது அங்கே வழக்கமாம். நான் தேநீர் அருந்தச் சென்ற வேளையில் எடுத்துவிட்டார். அதன் அறிக்கை மறுநாள் நிதானமாக மருத்துவரின் மேசைக்கு வந்தது: அமிலேஸ் சரி, லிபேஸ் சரி. அதைக்கொண்டுதான் நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள். ஆனால் அவ்வறிக்கை வருவதற்குள் படம் எடுத்து முடிந்து, அதனாலேயே கணையம் வீங்கி, அவளுடைய வயிறு பலகைபோல் இறுகிவிட்டது.

“நீயே ரத்தம் எடு, அக்கா” என்றாள். “அந்த நர்ஸம்மா நரம்பத் தேடித் தேடிக் குத்துறாங்க. ஒன் கையில வந்தாத்தான் ரிப்போர்ட் சரியா இருக்கும்.”

எடுத்தேன். எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து, முக்காலியில் அமர்ந்து, இரத்தத்தைக் கருவியில் இரு முறை ஓட்டினேன். குச்சியைத் தொடவில்லை.

ஒன்பதாம் தேதி காலை அவள் இறந்தாள். பத்தாம் தேதி கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டதாக அறிகிறேன்.

நான்கு குழாய்களிலும் எச்சில் கலந்தவள் நான். படிவத்தைப் படித்தும் வாய் திறவாதவள் நான். இவற்றில் ஒன்றையும் மறுக்கவில்லை. எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அந்தக் கடைசி அறிக்கையின் நகலையும் உங்கள் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அமிலேஸ் பதினெட்டு மடங்கு. லிபேஸ் முப்பது மடங்கு. அதில் என் கை படவே இல்லை, ஐயா. இனியாவது ஒப்புக்கொள்வீர்கள்: அவளுக்குக் கணையம் சரியில்லை, அவளைத் தனியே வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்று என் முதல் அறிக்கையிலேயே சொன்னேன்.